குழி விழாத தார்

"இந்தத் தாரு மழைக்குத் தாங்குமா மேடம்?"

அப்பாவு இன்றும் வந்துவிட்டார். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் வேலை தொடங்கிய நாள் முதல், டீ நேரம் பார்த்து ரோலர் அருகே வந்து நிற்பார். ஐம்பது வயதிருக்கும். கேட்பதெல்லாம் தாரைப் பற்றித்தான்.

சாலையின் தரம் பார்க்கும் பொறியாளர் சௌந்தர்யாவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. குறை கண்டுபிடித்துப் புகார் கொடுக்க வருகிற ஆள் என்று மேஸ்திரி எச்சரித்திருந்தார். ஆனால் அப்பாவு கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. அதனால் பொறுமையாகவே சொன்னாள். கன்டெய்னர் லாரிகள் நின்று நின்று போகிற இடத்தில் சாதாரணத் தார் வெயிலுக்கு இளகி அமுங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும், ஜல்லி பெயரும், குழியாகும். அதற்காகத்தான் இங்கே ரப்பர் போன்ற பாலிமர் கலந்த தார். சோதனைக்கு எடுத்து வைத்திருந்ததில் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள். விட்டதும் அது மெல்ல மெல்லப் பின்வாங்கிச் சுருங்கியது.

அப்பாவுவின் முகம் மலர்ந்தது. "அப்போ வளைவாண்டையும் இதையே போடுங்க மேடம். அங்கதான் நெறைய பேரு வுழறாங்க."

வளைவை நெருங்கியபோது வேலை நின்றது. தாரையும் ஜல்லியையும் கலக்கும் ஆலைக்குப் பாலிமர் தார் ஏற்றிய டேங்கர் வந்து சேரவில்லை. ஆலையில் சாதாரணத் தார் இருக்கிறது, மிச்சத்தை அதிலேயே முடித்துவிடலாம், கறுப்பில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று மேலாளர் வெங்கடேசன் போனில் அவசரப்படுத்தினார். ரோலரும் ஆட்களும் சும்மா நிற்பது சௌந்தர்யாவுக்கும் உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரைப் பகைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். வளைவில் அப்பாவு நின்றுகொண்டு, குழியைச் சுற்றிப் போகும்படி ஒரு ஸ்கூட்டர்காரருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார். டேங்கர் வந்தப்புறம் போடலாம். சாதா தார்ல கலவை வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன்."

வெங்கடேசன் பட்டென்று போனை வைத்தார். அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் டேங்கர் வந்தது. வளைவிலும் நல்ல தாரே விழுந்தது.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை கொட்டித் தீர்த்தது. வானம் வெளுத்ததும் சௌந்தர்யா சாலையைப் பார்க்க வந்தாள். தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்த பெண்கள் வளைவில் வேகம் குறைக்காமல், ஸ்கூட்டரில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குழிகூட இல்லை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. இதை அப்பாவுவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவர் பக்கத்திலேயே இருந்தார். வேலை நடந்தபோது ஜல்லிக் குவியல் மறைத்திருந்த இடத்தில் ஒரு கொட்டகை. அதன் முன்னால் ஏணி போட்டு ஏறி, பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். 'அப்பாவு பஞ்சர் கடை' என்றிருந்தது அதில்.

"மழை முடிஞ்சும் ஒருத்தர்கூட வரல மேடம். அடுத்த வாரம் இங்க இட்லிக் கடை," என்றார் அப்பாவு, முகமெல்லாம் சிரிப்பாக. "டியூபை ஒட்டறதுக்கு முந்தி வுழுந்தவங்க ரத்தத்தைத் தொடைச்சு வுடற வேலை இனிமே எனக்கு இல்ல."