இருபத்தஞ்சு கிலோ மூட்டை

"கை தட்டேன்டா பழமலை! தட்டினா உன் கை தேஞ்சிடுமா?"

அடைக்கலம் கடுப்போடு கிசுகிசுத்தார். பக்கத்தில் பழமலை கையைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

விருத்தாசலத்தில் அந்த செராமிக் கம்பெனியில் அன்று முதுகுவலி முகாம். வாசலில் பேனர், அது நிறைய முதலாளி பிரபாகரனின் சிரிப்பு. அவருக்கும் முதுகுவலி உண்டு. உட்கார்ந்து உட்கார்ந்தே வந்தது.

"அம்பது கிலோ களிமண் மூட்டைய ஒத்தைத் தோள்ல சுமக்கறாங்க. பாரம் ஒரு பக்கமா சாஞ்சா முதுகெலும்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார் டாக்டர் மோகனப்பிரியா. "மூட்டை எடையைப் பாதியாக் குறைங்க சார்."

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து இருபத்தஞ்சு கிலோ மூட்டைதான்!"

போட்டோ எடுத்தார்கள். அடைக்கலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருபது வருஷச் சுமை. இப்போதெல்லாம் அவருக்குச் செருப்பு மாட்டிவிடக்கூட மனைவி அன்னாள்தான் குனிய வேண்டும். இன்னும் ஆறு மாசம் இப்படியே தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டரம்மா இன்றுதான் சொல்லியிருந்தார்.

"கேட்ட ஒடனே குடுக்கற ஆளா அவரு? எனக்கென்னமோ நம்பிக்கை இல்லண்ணே" என்றான் பழமலை.

"நன்றி கெட்டவன்டா நீ!"

சாயங்காலம் அன்னாளோடு கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார் அடைக்கலம். முட்டி போட முடியாததால் நின்றபடியே வேண்டிக்கொண்டார்.

"அந்தோணியாரே, எங்க முதலாளி நல்லா இருக்கணும்."

மறுநாள் காலை. சொன்ன சொல் தவறாமல் புத்தம்புது சின்ன மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை வலது தோளில் ஏற்றினார் அடைக்கலம். அட, இவ்வளவு லேசா! பழமலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

"அடைக்கலம், நில்லு நில்லு!"

முதலாளியே பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னய்யா நீ? நேத்துதானே டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க, பாரம் ஒரு பக்கமா சாயக்கூடாதுன்னு!"

அடைக்கலம் நெகிழ்ந்துபோய் நின்றார். முதலாளி திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பழமலை, அண்ணனோட இடது தோள்லயும் ஒரு மூட்டைய ஏத்து!"