சுழி பார்த்து வாங்கிய கிடார்

“அண்ணே, அதுக்குப் பல்லெல்லாம் கிடையாது. வாசிச்சுப் பாருங்க, போதும்.”

இதைச் சொன்னது கடைக்கார அழகுமலைதானா, டீ குடிக்க வந்த வேறு யாராவதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வருஷமும் எண்பத்திரண்டோ, எண்பத்து மூன்றோ. ஆனால் சிம்மக்கல்லில் பழைய வாத்தியங்களை வாங்கி விற்கும் அந்தக் கடையும், அதற்குள் கொட்டாம்பட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பேஸ் கிடாரைச் சுற்றிச் சுற்றி வந்ததும் நிச்சயம்.

ஒருவர் நல்லகாமன். மகள் செல்லக்கிளிக்கு அடுத்த வாரம் கல்யாணம். மற்றவர் அவருடைய மைத்துனர் முத்திருளன், மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்து வயசு பார்க்காமல் எதையும் வாங்காதவர்.

மாப்பிள்ளை பால்பாண்டி மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர். “இத்தன நாளா இரவல் கிடார்லதான் வாசிக்கிறேன் மாமா. சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுங்க, வேற ஒண்ணும் வேணாம்” என்று பரிசம் போட்ட அன்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மா சோணையம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். “கிடார் மேடைக்கு வந்தப்புறம்தான் தாலி.”

ஸ்கூட்டர் கேட்கவில்லையே என்று நல்லகாமன் சந்தோஷப்பட்டது, புதுக் கிடாரின் விலையைக் கேட்கும்வரைதான். இரண்டாயிரத்து இருநூறு. அவர் மடியில் இருந்தது ஐந்நூறு.

முத்திருளன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஏர்க்கால் பார்ப்பதுபோல் கிடாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். “கோணல் இல்ல.” பிறகு குனிந்து, மாட்டின் உடம்பில் ராசியான சுழியைத் தேடுகிறவர் மாதிரி மரத்தின் ரேகைகளை ஆராய்ந்தார். “சுழியும் சுத்தம். குடும்பத்துக்கு ஆகும் மச்சான்.”

அழகுமலை ஒயரைச் சொருகினார். முத்திருளன் தடித்த கம்பியை ஒரு சுண்டு சுண்ட, எதிர்க்கடை வெல்ல வியாபாரி எழுந்து எட்டிப் பார்த்தார்.

“உறுமுது. ஆனா நாலு கம்பிதான இருக்கு?”

“பேஸ் கிடாருக்கு நாலுதாண்ணே.”

“எங்க ஊருப் பள்ளிக்கூட வாத்தியாரு கிடார்ல ஆறு இருக்கு. கொறையுற ரெண்டு கம்பிக்கு வெலையில கழிச்சுக்க.”

அழகுமலை ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

“சரி, இம்புட்டு நல்ல சாமான உடையவன் ஏன் விக்கிறான்?”

அழகுமலை கிடாரைத் துணியால் துடைத்தார். “ஏதோ அவசரமாம்.”

“ஆளக் கூப்பிடு. கட்டுத்தறியப் பாக்காம நான் கன்னுக்குட்டிகூட வாங்குனதில்ல.”

“வர மாட்டாருண்ணே. வித்தது யாருக்கும் தெரியக் கூடாதாம்.”

“திருட்டு மாடு மச்சான்! எந்திரி!”

நல்லகாமனுக்குக் கல்யாண மேடையில் போலீஸ் ஏறி வருவது கண்ணில் தெரிந்தது. இதை விட்டுவிட்டுப் போனால் மேடையில் கிடாரே இருக்காது என்பதும் தெரிந்தது.

“அழகர் சத்தியமா திருட்டு இல்லண்ணே! உடையவரே கொண்டாந்து வச்சாரு. வந்த வெலைக்குத் தள்ளிவிடுன்னுட்டாரு.”

முத்திருளன் அவரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அழகுமலையின் வலது கைமேல் போட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு.

“விரலுக்கு நூறு” என்று மட்டும் சொல்லிவிட்டு முத்திருளன் வாயை மூடிக்கொண்டார்.

கடைக்குள் சத்தமே இல்லை. துண்டு மட்டும், உள்ளே எலி புகுந்த சாக்கு மாதிரி அசைந்தது. அழகுமலைக்கு வியர்த்தது. கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

“விரல ஒடிச்சிராதீங்கண்ணே, ஆர்மோனியம் ரிப்பேர் பாக்குற கை!”

“அப்பப் படிஞ்சிருச்சா?”

“படிஞ்சிருச்சு, படிஞ்சிருச்சு! கைய விடுங்க!”

“எம்புட்டு மாப்ள?” என்றார் நல்லகாமன், மடியைத் தொட்டபடி.

“நானூறு. கம்பிக்கு நூறு.”

கல்யாணத்தன்று காலையில் கிடார் உறைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு மேடைக்குக் கொண்டு வந்தார்கள். பால்பாண்டி உறையைப் பிரித்தார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். நாயனக்காரர் ஒரு ராகத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்வரை புரட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற, அவருடைய குழுவின் டிரம்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். உடனே இருமல் வந்து பந்தலுக்கு வெளியே ஓடினார்.

மணவறையில் செல்லக்கிளி தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

“என்ன மாப்ள... கம்பி கொறையுதா?” நல்லகாமன் எட்டிக் கம்பிகளை எண்ணினார்.

“இல்ல மாமா. சரியாத்தான் இருக்கு.”

“புடிச்சிருக்கா?”

“கைக்கு... நல்லா அமையுது மாமா.”

“அமையாம?” என்றார் முத்திருளன். “வித்தவன் ஒரு கேணப்பய மாப்ள! நானூறுக்கு உருவிட்டேன்ல!”

சோணையம்மாள் கிடாரைப் பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். “என்னய்யா வேடிக்க? மேளத்தக் கொட்டச் சொல்லுங்க!” என்று அதட்டினாள். தாலி ஏறியது.

முத்திருளன் அதன்பிறகு மாடுகளோடு நிறுத்திக்கொண்டார். அழகுமலை கடையை விற்றுவிட்டு மகனோடு கே.கே. நகருக்குப் போய்விட்டார். நல்லகாமன் கடைசிவரை அந்த வியாபாரத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லக்கிளிக்கு இரண்டு பெண்கள். பால்பாண்டி மொத்தம் இருபத்தாறு வருஷம் அந்த ஒரே கிடாரைத்தான் வாசித்தார்: கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம், பின்னால் இருபது வருஷம், நடுவில் அது அழகுமலை கடையிலும் மாமனார் வீட்டிலும் கிடந்த பதினைந்து நாள் நீங்கலாக.