இரண்டு பாட்டில், ஒரு டப்பா

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வெறும் மாவு மாத்திரைங்கம்மா," என்றார் டாக்டர்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேலே வார்டில் அவள் புருஷன் தணிகாசலம் மூன்று நாளாகக் கண் மஞ்சளாகிப் படுத்திருக்கிறார். ஈரல் கொழுப்புக்கான புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு வந்து அதில் தானும் சேர்ந்தவள் அவள்தான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம்.

இன்று திறந்துவிட்டார்கள்.

"அப்ப இது மருந்தால வரல. வேற காரணம்தான் தேடோணும்."

டாக்டர் மளமளவென்று எழுதத் தொடங்கினார்.

நல்லவேளை, நான் கெடுக்கவில்லை. அவள் மருதமலை முருகனுக்கு நன்றி சொன்னாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

அந்த மாத்திரைப் பாட்டில் மூடி.

அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். வாதம் வந்த அவள் விரலுக்கு அது எங்கே திறக்கும்? பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு பாட்டிலையும் திறக்கச் சொன்னாள். ஒரே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்தாள். தனித்தனியாக வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. புருஷன் பெண்டாட்டிக்குள் உன்னுது என்னுது என்ன வேண்டிக்கிடக்கிறது?

தினமும் காபியோடு அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மாதக் கடைசியில் மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வருவாள். எண்ணிக்கை இம்மி பிசகாது. உங்களை மாதிரி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் யாருமில்லை என்று நர்சுகள் மெச்சுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"டாக்டருங்க... எனக்கு வந்தது எது?"

"அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்கம்மா."

அவள் டப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

பேனா நின்றது.

டாக்டர் யாருக்கோ போன் செய்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுதுதான் மருந்து."



எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார் டாக்டர். அவளைத் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கே ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒண்ணு நல்லதாப் போச்சுங்கம்மா. அட்மிட் பண்ணின அன்னிக்கே அவரு பாட்டில நர்ஸ் வாங்கி வெச்சுட்டாங்க. மூணு நாளா உள்ள ஒண்ணும் போகல. இனி ஈரல் மெதுவாத் தேறிக்கும்."

அவள் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். டப்பா அதற்குள்தான் இருந்தது.

"பாட்டிலத்தானுங்க வாங்கினாங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே," என்றாள். "காலைலகூட ஒண்ணு குடுத்தனுங்க."