பார்க்காத மூன்றடி

காலையிலிருந்து அவள் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பினாள். இடுப்பில் ஆன்சி. பலூன் ஊதினாள். இடுப்பில் ஆன்சி. முந்திரிக்கொத்துத் தட்டை ஒற்றைக் கையால் தூக்கிப்போய் மேசையில் வைத்தாள். அப்போதும் ஆன்சிதான்.

இறக்கினால் நடந்துவிடும்.

நேற்றே நாற்காலியை விட்டுக் கையை எடுத்து, தள்ளாடி, நின்று காட்டிவிட்டது கள்ளி. இன்றோ நாளையோதான். நாளை முதல் அவள் ஆயாவாக இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு விடுமுறை. இன்று ஒரு பகல் மட்டும் தாக்குப்பிடித்தால் போதும். நாலு மணிக்கு விழா. நாலரைக்கு ரோஸ்லின் வந்துவிடுவாள்.

ரோஸ்லின், ஆன்சியின் அம்மா. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற பெண். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தக் கடையில் உட்காரவும் முடியாது, லீவும் கிடையாது. பெற்ற பிள்ளையை விழித்த கண்ணோடு பார்ப்பதே அபூர்வம். இன்றைக்கு ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கியிருக்கிறாள்.

ஆயா வேலையில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. முதல் பல், முதல் சொல், முதல் அடி எதையும் ஆயா பார்க்கக்கூடாது. பார்த்தாலும் பார்க்கவில்லை. பிறகொரு நாள் தாய்க்காரி வந்து, "எக்கா, பல்லு மொளச்சிருக்கு!" என்பாள். "அப்படியா!" என்று வாயைப் பிளக்க வேண்டும்.

பதினாறு வருஷமாகப் பிளக்கிறாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரே ஒருமுறைதான் வாய் தவறியது. ஆன்சியின் பல்.

ரோஸ்லின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை. பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப்பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நடக்கதையாவது நான் மொதல்ல பாக்கணும்க்கா."


மதியம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கின.

ஜன்னலில் கட்டிய சிவப்புக் காகித ஸ்டார் வழியாக வெயில் இறங்கியது. தரையில் சிவப்பாக ஒரு வட்டம். காற்றடித்தால் அது பாய்களின் மேல் ஊர்ந்துபோய்த் திரும்பி வந்தது.

அவள் கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடிக்குப் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அவள்தான் தாத்தா. நேற்று ஒத்திகைக்கு இதை மாட்டிக்கொண்டு வந்தபோது ஆன்சி போட்ட கூப்பாட்டில் தெருவே எட்டிப்பார்த்தது. கழற்றி முகத்தைக் காட்டிய பிறகும் விக்கல் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

பஞ்சு பிரிந்து பறந்தது. பனியைக் கண்டிராத ஊர். இங்கே பஞ்சுதான் பனி. அது பாட்டுக்கு மிதந்தது, இறங்க மனமில்லாமல்.

அவளுக்குக் கண் செருகியது.

திறந்தபோது பாயில் ஆன்சி இல்லை.

சிவப்பு வட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. எதையும் பிடிக்காமல். தலையில் ஒரு துண்டுப் பஞ்சு.

அவளைப் பார்த்துச் சிரித்தது.

ஒன்று.

'வேண்டாம் மக்ளே, இப்ப வேண்டாம்.' நினைத்தாளே ஒழிய வாய் வரவில்லை. கைகள் மட்டும் அவளைக் கேட்காமல் நீண்டுவிட்டன.

இரண்டு.

மூன்று.

மடியில் வந்து விழுந்தது.

ஐயோ, என்ன செய்வாள்! அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அடுத்தவள் வீட்டுப் பலகாரத்தை எடுத்துத் தின்றுவிட்டதைப்போல.

சுற்றிலும் பிள்ளைகள் மூச்சு விடும் சத்தம். ஒருவரும் பார்க்கவில்லை.

சரி. அவளும் பார்க்கவில்லை.


நாலரைக்கு ரோஸ்லின் ஓடிவந்தாள். கூந்தலில் நூல் பிசிறு. கழுத்தில் கடை அட்டை.

ஆயா அதற்குள் தாத்தாவின் சிவப்பு அங்கியை மாட்டியிருந்தாள். முகமூடியை மட்டும் ஆன்சிக்குத் தெரியாதபடி உச்சந்தலைக்கு மேல் தள்ளிவிட்டிருந்தாள்.

"நடந்துச்சாக்கா?"

"எங்க! நிக்கதோட சரி. நீ அங்கன இரி மக்ளே. கூப்பிட்டுப் பாரு."

ரோஸ்லின் குடிலருகே முழந்தாளிட்டுக் கைகளை விரித்தாள். ஆயா பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

ஆன்சி அம்மாவைப் பார்த்தது.

திரும்பி அவளைப் பார்த்தது.

மதியம் சிரித்த அதே சிரிப்பு. இரண்டு கைகளையும் அவளை நோக்கித் தூக்கியது. ஒரு கால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ரோஸ்லினின் கைகள் விரித்தபடியே இருந்தன. முகத்தில் சிரிப்பு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

மூன்றடிதான். அந்தக் கனம் மடிக்குத் தெரியும்.

அவள் முகமூடியை இழுத்து இறக்கினாள்.

பிள்ளை வீறிட்டது. திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அம்மாவின் கழுத்தில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"எக்கா! நடந்துட்டு! எங்கிட்ட நடந்து வந்துட்டு! பாத்தியளா?"

"அப்படியா!" என்றார் தாத்தா.

யாரோ பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் தாத்தாவின் அங்கியைப் பிடித்து இழுத்தன. அவள் ஆடினாள். முகமூடிக்குள் ஒரே ஈரம்.

ரோஸ்லின் வாசலில் நின்று திரும்பினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"தாத்தாவுக்கு டாட்டா சொல்லு மக்ளே."

ஆன்சி தலையைத் தூக்கவில்லை.

தாத்தா கையசைத்தார்.