இன்னொன்று எதற்கு?

"கையில போன் இருக்கு, வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு. நடுவுல இந்த டேப்லெட் எதுக்கு?"

மனைவி இப்படிக் கேட்டதும் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டரை வீடு முழுக்கத் தூக்கிட்டு அலைய முடியுமா? போன்ல எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதுல விரலாலயே பெரிசா எழுதலாம். நீ அடுப்படியில நின்னுக்கிட்டே படிக்கலாம்."

அவர் குரல் கரகரத்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் விற்பனைப் பெண்.

"கீழ விழுந்தா?"

"அதுக்கு உறை போட்டுக்கலாம்."

"சார்ஜ் நிக்குமா?"

"உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இத்தனை வருஷம் நான் ஓடலையா, இது ஒரு நாள் ஓடாதா?" சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார்.

விற்பனைப் பெண்ணுக்கு அந்த அம்மாள் மேல்தான் எரிச்சல். தன் போனைக் கணவர் பக்கமாக மேசைமேல் போட்டுவிட்டு, ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தாள். இவளிடம் காசு பெயர்ப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. பாவம், மனிதர் ஆசைப்படுகிறார்.

"வாங்கிக் குடுத்துடுங்கம்மா. இது கைக்கு வந்துட்டா சார் வாயே திறக்க மாட்டாரு" என்றாள் கிண்டலாக.

அந்த அம்மாள் சட்டென்று கணவரைப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"சரியாச் சொன்னீங்க. பில் போடுங்க" என்று பணம் கட்டும் இடத்துக்கு நடந்தார்.

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பா எதாவது சொல்லிட்டேனாம்மா?"

"நீ என்னம்மா பண்ணுவ. நாளைக்கு அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். புத்துநோய். குரல்வளையையே எடுத்துடுறாங்க. இனிமே எதுன்னாலும் எழுதித்தான் காட்டணும்."

விற்பனைப் பெண்ணுக்கு, எதற்கு அப்படி வாயை விட்டோம் என்றிருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் புரியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சுமா, வேண்டாம் வேண்டாம்னு மல்லுக்கு நின்னீங்க?"

"எதிர்க்கேள்வி கேட்டாத்தாம்மா அவருக்குப் பேச்சே வரும்" என்றபடி அந்த அம்மாள் மேசையில் கிடந்த போனைத் திருப்பிக் காட்டினாள்.

கடைக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து அவர் பேசியதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.