ஆறாவது முட்டை

அவள் ஐந்தாவது பாம்பு முட்டையைக் கீறினாள்.

உள்ளே பழுப்பு. எந்தக் கடையிலும் கிடைக்கிற வெறும் பழுப்பு.

கத்தரியை ஆத்திரத்தோடு கீழே போட்டாள்.

ஐந்து குட்டிகளும் உயிரோடுதான் இருந்தன. அதற்காகச் சந்தோஷப்படலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்பவே சொன்னேன்ல அம்மிணி," என்றான் அண்ணன் தண்டபாணி, பாம்பறையின் வாசலில் நின்றபடி. "மொதக் குட்டி தானா மூக்க நீட்டட்டும். அதுக்கு முன்னால கத்தரி படக் கூடாது."

அது இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி. முட்டையிட்டு இன்று ஐம்பத்தொன்றாம் நாள். இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் குட்டிகளே முட்டைத்தோலைக் கிழித்திருக்கும்.

ஆறு வருடம் பொறுத்தவளுக்கு அந்த நாலு நாள் பொறுக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில் இன்குபேட்டர் சூடேறிக் கொதித்தது. மற்ற முட்டைகள் எல்லாம் அழுகின. ஒன்றே ஒன்று பிழைத்து வெளியே வந்தது, உடைத்த மஞ்சள் கிழங்கின் நிறத்தில். உடம்பில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

ரத்தத்தில் வந்த நிறம் என்றாள் அவள்.

சூட்டில் வெந்த நிறம் என்றான் அண்ணன்.

ரத்தத்தில் வந்ததென்றால் சந்ததிக்கும் வர வேண்டும். அது வளர்ந்ததும், மஞ்சளன் என்று அவள் பேர் வைத்திருந்த அந்த ஆணை முதலில் ஒரு சாதாரணப் பெண் பாம்போடு சேர்த்தாள். குட்டிகள் அத்தனையும் பழுப்பு. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஒளிந்திருக்கும் நிறம் ஒரு தலைமுறை தாண்டித்தான் வெளியே வரும். அதில் ஒரு பெண் குட்டியை மூன்று வருடம் வளர்த்து, தகப்பனோடே இணை சேர்த்தாள். ஆறு முட்டை கொண்ட இந்த ஈட்டில் பாதிக்குப் பாதி மஞ்சளாக வர வேண்டும்.

இணை சேர்ந்த பத்தாம் நாள் மஞ்சளன் செத்தது.

இணை சேரும் காலத்தில் ஆண் பாம்பு இரை எடுக்காது. தண்டபாணிக்கு அது தெரியும். தெரிந்தும், பட்டினியாகக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் ஒரு எலியை உயிரோடு பெட்டிக்குள் விட்டான். விட்டதை மறந்துவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். அவளும் கூடத்தான் போயிருந்தாள்.

இரண்டு நாள். எலிக்குப் பசித்தது.

பந்துப் பாம்புக்கு விஷம் கிடையாது. பயம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பெட்டியைத் திறந்தபோதும் மஞ்சளன் சுருண்டபடியேதான் கிடந்தது. முதுகெலும்பு வெளியே தெரிந்தது.

எலியை வாலைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது செத்த பிறகும் அடித்தாள். சுண்ணாம்பு பூசியும் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

தண்டபாணி மன்னிப்புக் கேட்கவில்லை. "வெந்த பாம்புதான, போனாப் போவுது," என்றான். அன்றிலிருந்து ஆறு மாதமாக அதையேதான் சொல்கிறான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குச் சோறு இறங்குகிறது. அது அவளுக்கும் தெரியும். அதனாலேயே அவனை இன்னும் வெறுத்தாள்.

"விடு அம்மிணி," என்றான் இப்போது. குரலில் ஒரு நிம்மதி. "அஞ்சும் பழுப்பு. சூடுதான். இனியாச்சும் ஒத்துக்கோ."

எவர்சில்வர் சொம்பு கைக்கு எட்டியது. எடுத்து வீசினாள். அவன் புருவத்தில் பட்டுத் தரையில் உருண்டது. அவன் நெற்றியைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அவள் கதவை உதைத்துச் சாத்தினாள்.

ஆறாவது.

ஐந்து முட்டைகளுக்கும் டார்ச் அடித்து, ரத்தக்குழாய் ஓடாத இடம் பார்த்துத்தான் கீறினாள். இதற்கு டார்ச்சை எடுக்கவில்லை. இதுவும் பழுப்பாகத்தான் இருக்கப்போகிறது. கத்தரியைக் குத்தி இழுத்தாள்.

ரத்தம் பீறிட்டு மணிக்கட்டில் அடித்தது.

கிழிசலை விரலால் விரித்தாள்.

மஞ்சள்.

உடைத்த கிழங்கின் அதே மஞ்சள். ஒரு கரும்புள்ளி கிடையாது.

குட்டியை வெளியே எடுத்து, அறுந்த ரத்தக்குழாயைக் கட்டை விரலால் அழுத்தினாள். குட்டி அவள் உள்ளங்கையில் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு சுருண்டது. பிறக்காத குட்டிக்கும் அது தெரிந்திருந்தது. "போயிடாத, போயிடாத கண்ணு," என்றாள். பழைய துணியால் கட்டிப் பார்த்தாள், நூலால் இறுக்கிப் பார்த்தாள். ரத்தம் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுருள் தானாக அவிழ்ந்தது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி." கதவுக்கு வெளியே தண்டபாணி. "ஆறாவது என்னாச்சு?"

அவன் குரலில் இருந்த பயத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

பழைய செய்தித்தாளைக் கிழித்துக் குட்டியைச் சுற்றினாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவன் நெற்றியில் துண்டை அழுத்தியபடி நின்றிருந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பழுப்புதாண்ணா," என்றாள். "நீ சொன்னதுதான் சரி. சூடுதான்."

தண்டபாணி அப்படியே படியில் உட்கார்ந்தான். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"வெந்ததுதான, போனாப் போவுது," என்றாள் அவள்.

அவள் முதுகுக்குப் பின்னால், காகிதம் நனைந்து விரல் வழியே சொட்டத் தொடங்கியிருந்தது.