ஏழாம் வாய்ப்பாடு

வியாகுலமேரி சிலேட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு விடை இல்லை. சிலேட்டு முழுக்கக் குச்சி குச்சியாகக் கோடுகள். இப்படிக் கோடு போட்டு எண்ணுகிறவள் செத்துப்போன சின்ன மகள் சகாயம்.

"யாருடி உன்ன இப்படிப் போடச் சொன்னது, ஆரோக்கியம்?"

மகள் சடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் சகாயத்தின் பழக்கம்தான்.

ஈஸ்டருக்கு மறுநாள் இரண்டு பெண்களையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போனதுதான் வினை. ஒரே துணியில் தைத்த புது கவுன், ஒரே உயரம், ஒரே முகம். பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் ரிப்பன் நிறத்தை வைத்துத்தான் இருவரையும் பிரித்துச் சொல்வார்கள். பெற்றவளுக்கு எதற்கு ரிப்பன் என்று மேரி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

அலை இரண்டு பேரையும்தான் இழுத்தது. வலைக்காரர்கள் ஒருத்தியை மட்டும் உயிரோடு தூக்கிவந்து மணலில் போட்டார்கள். பிழைத்தவள் வெகுநாள் வாயே திறக்கவில்லை. யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூனில் சிதம்பரத்தில் ஸ்காலர்ஷிப் பரீட்சை இருந்தது. தேறினால் ஹாஸ்டலில் இடம், படிப்பு முழுக்க இலவசம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தைரியராஜின் மகள் டீச்சராவதற்கு வேறு வழி கிடையாது. ஆரோக்கியம் ஆவாள் என்று மேரி சத்தியமாக நம்பினாள். சகாயத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை எப்போதுமே இருந்ததில்லை.

"லீவுல கணக்க மட்டும் விட்றாதீங்க. ரெண்டு மாசம் தொடலன்னா புள்ளைங்க சுத்தமா மறந்துட்டு வந்து நிக்குதுங்க" என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால்தான், துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல், தினமும் மத்தியானம் இந்தச் சிலேட்டும் வாய்ப்பாடும்.

வீசை போய்க் கிலோ வந்த புதுக் கணக்கெல்லாம் ஆரோக்கியத்துக்குத் தண்ணி பட்ட பாடு. இப்போதோ ஏழாம் வாய்ப்பாட்டிலேயே வண்டி நின்றுவிட்டது. லீவில் மறந்தது என்றே மேரியும் முதலில் சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் மகள் பாயில் சகாயத்தின் பக்கம் போய்ப் படுத்தாள். குழம்பில் மீன் தலையைத் தேடித் தின்றாள். ஆரோக்கியம் மீன் தலையைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாள்.

பக்கத்து வீட்டு ஞானாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சொல்றனேன்னு கோவிச்சுக்காத மேரி. ரெட்டப் புள்ளைங்கள்ள ஒண்ணு போனா, இன்னொண்ண லேசுல வுடாது. சின்னவ வந்து பெரியவ மேல உக்காந்துக்கினு இருக்கா."

"சும்மா இருங்கக்கா. எங்கள்ள அதெல்லாம் நம்ப மாட்டோம்."

அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டாள். இன்று சிலேட்டைப் பார்த்தபிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோதே அக்காளைப் படிக்க விடாமல் வம்பு பண்ணியவள்தானே அவள்.

மேரி அலமாரியைத் திறந்து, கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மந்திரித்த தண்ணீரை எடுத்தாள். மகள் தலையில் தெளித்துச் சிலுவை போட்டாள். வெளியே மஞ்சக்குப்பம் மைதானம் அக்கினி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் சிலேட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாம சொல்லு. ஏழெட்டு?"

விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடியும் மடக்கினாள். கண்ணீர் சிலேட்டில் விழுந்து கோடுகள் கரைந்தன.

"தெர்லம்மா. நீ தூங்குனப்புறம்கூட உருப்போட்டுப் பாக்கறேன். எனக்கு வர மாட்டேங்குது."

மேரி உடைந்துபோனாள். மகளின் தோள்களை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள்ளே பார்த்தாள். இதுவரை பேசாத ஒரு குரலில் கெஞ்சினாள்.

"சகாயம், அம்மா கெஞ்சிக் கேக்கறேண்டி. உன்ன நான் கொறச்சலாத்தான் பாத்தேன். எதுக்கெடுத்தாலும் அக்காவப் பாரு, அக்காவப் பாருன்னு திட்டுனேன். தப்புதான். அதுக்கு அவள ஏண்டி வாட்டுற? எனக்குன்னு இருக்கறது இப்ப அவ ஒருத்திதான்."

அந்தப் பெண் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"மாதாகிட்ட போயிடுடி. உன் பேர்ல மாசா மாசம் பூசை வெக்கிறேன். செத்தவ செத்தவளா இரு. என் ஆரோக்கியத்த வுட்டுட்டுப் போயிடு."

அவள் அம்மாவின் கைகளைத் தோளிலிருந்து விலக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் சாவலம்மா. கரையில நீ அக்கா பேரச் சொல்லிக் கட்டிக்கிட்ட, நான் சும்மா இருந்துட்டேன்."